பெயரும் இடமும்: இணைய முகவரி பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

ஒரு பொருளைப் பெயரிட்டுக் குறிப்பதும், அப்பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதும் வெவ்வேறான இரு செயல்கள். ஒருவர் வீடு மாறுவதனால் அவருடைய பெயர் மாறுவதில்லை. அவ்வீட்டிற்கு வேறொருவர் குடிவந்தால் முன்னவரின் பெயர் பின்னவரைச் சாருவதுமில்லை. நூலகத்திலே ஒரு நூல் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்கிற்கு மாற்றப்படலாம். அதனால் நூலின் பெயர் வேறுபடாது. அன்றாட வாழ்விலே இவ்விரண்டையும் மயங்கக் கொள்வார் அரியர். ஆயின், இன்றைய அறிவுலகம் தனது ஆவணங்களிற் பெரும்பகுதியை ஒப்படைத்துள்ள இணையம், இவ்விரு செயல்களையும் ஒரே எழுத்துத் தொடரிடம் விட்டுள்ளது. இணைய முகவரி எனப்படும் அத்தொடர் ஆவணத்தின் பெயரா, அன்றி அதன் இருப்பிடமா என்ற வினா முதற் பார்வைக்கு வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றும். உண்மையில் அது மெய்யியல் சார்ந்த வினாவாகும். அதற்கு விடை தேடிச் செல்லுமிடத்து அஃது ஒழுக்கவியல் சார்ந்த வினாவாகவும் மாறிவிடுகின்றது.

முகவரியின் அமைப்பை முதலில் நோக்குதல் தகும். பொதுவாக அது மூன்று உறுப்புகளைக் கொண்டது. எந்த நெறிமுறைப்படி ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பதைக் கூறும் 'எச்.ரீ.ரீ.பீ.' போன்ற முற்பகுதி ஒன்று. ஆவணத்தை வைத்திருக்கும் நிறுவனத்தையோ ஆளையோ குறிக்கும் ஆள்களப் பெயர் மற்றொன்று. அந்நிறுவனத்தின் கணினியிலே குறித்த ஆவணத்தை அடைவதற்குரிய பாதை மூன்றாவது. கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிவன. ஆள்களப் பெயரோ மனிதருக்காக அமைந்தது. பெயரை எண்ணாக மாற்றித் தருவதற்குத் தொடக்க காலத்தில் ஒரேயொரு பட்டியலே இருந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் அது பேணப்பட்டது. ஏனைய கணினிகள் அதனைப் பிரதி செய்து வைத்துக்கொண்டன. கணினிகள் பெருகியதும் ஒரே பட்டியலால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1983 ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்பார் பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிக்கும் முறையொன்றை வகுத்தார். அம்முறைப்படி, ஒரு பெயரின் இறுதிப் பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்பது முதலில் வினவப்படும். அவர் அடுத்த பகுதிக்குப் பொறுப்பானவரைக் காட்டுவார். அவர் அதற்கடுத்தவரைக் காட்டுவார். முடிவில் கிடைக்கும் எண்ணுக்குரிய கணினியிடமே ஆவணம் கேட்கப்படும்.

இங்கு அவதானிக்கத்தக்கது யாதெனில், இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் விடையளிப்பது ஒரு நிறுவனமே என்பதாகும். வாசகர் ஒருவர் ஒரு முகவரியைத் தட்டச்சுச் செய்யும் கணத்தில், அவர் அறியாத பல நிறுவனங்களின் சொல்லுறுதி ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றது. இயந்திரத்தின் செயலாகத் தோன்றுவதற்கு அடியில் மனிதர் ஒருவருக்கொருவர் அளித்த உறுதிமொழிகளே கிடக்கின்றன.

இவ்வேற்பாடு தோன்றிய சூழலும் கருத்திற் கொள்ளத்தக்கது. ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ, 1989 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு திட்டத்தைத் தம் மேலாளரிடம் முன்வைத்தார். அங்கு பெருந்தொகையான ஆய்வாளர் வந்து சில காலம் பணிபுரிந்து திரும்பிச் சென்றனர். அவர்கள் செல்லும்போது அவர்களோடு சேர்ந்து, எது எங்கே உள்ளது என்ற அறிவும் சென்றது. ஆவணங்கள் வெவ்வேறு வகைக் கணினிகளில் சிதறிக் கிடந்தன. இவ்விழப்பைத் தடுப்பதே அத்திட்டத்தின் நோக்கமாயிருந்தது. எந்தக் கணினியிலுள்ள எந்த ஆவணத்தையும் ஒரே வகையான குறியீட்டினால் சுட்டலாம் என்ற எண்ணம் அதிலிருந்து கிளைத்தது. எனவே இணைய முகவரி அறிவிழப்பிற்கு எதிரான கருவியாகவே பிறந்தது எனலாம். அக்கருவியே பிற்காலத்தில் அறிவிழப்பின் அடையாளமாகவும் ஆகியமை சிந்திக்கற்பாலது.

அக்கருவிக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதிலேயே கருத்து வேற்றுமை எழுந்தது. பேர்னர்ஸ்-லீ விரும்பியது ஆவணத்தை 'அடையாளங் காட்டுவது' என்ற பொருளுடைய பெயரை. இணைய நெறிமுறைகளை வகுத்த பொறியியற் குழுவினரோ, அத்தொடர் மாறக்கூடியது என்பதை உணர்த்த வேண்டும் எனக் கருதி, 'இடங்காட்டுவது' என்ற பொருளுடைய பெயரை வற்புறுத்தினர். 1994 ஆம் ஆண்டில் யூ.ஆர்.எல். என்ற சுருக்கப் பெயர் நிலைபெற்றது. அதன் இறுதி எழுத்து இடங்காட்டுதலையே குறிக்கும். இடத்தைச் சாராத நிலையான பெயர்களுக்கென யூ.ஆர்.என். என்ற வேறொரு வகை 1997 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் வெளியான பொது வரையறை, ஒரே குறியீடு பெயராகவும் இருக்கலாம், இடங்காட்டியாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம் என ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு கால விவாதத்தின் பின்னரும் பெயருக்கும் இடத்துக்கும் இடையே தெளிவான கோட்டினைக் கீற முடியவில்லை என்பதையே இது காட்டுகின்றது.

பெயர் என்பது யாது என்ற வினாவை மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஜே. எஸ். மில் 1843 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது அளவையியல் நூலில், சிறப்புப் பெயர் ஒரு பொருளைச் சுட்டுமேயன்றி அதன் பண்பு எதனையும் உணர்த்தாது என்றார். ஜேர்மனிய அறிஞர் பிரெகே 1892 ஆம் ஆண்டில் இதனை மறுத்து, சுட்டப்படும் பொருள் ஒன்றாயினும் அதனைச் சுட்டும் முறைகள் வேறுபடலாம் என்று காட்டினார். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளாயினும் அவ்விரு பெயர்களின் கருத்தும் ஒன்றன்று. அமெரிக்க மெய்யியலாளர் சோல் கிரிப்கி 1970 ஆம் ஆண்டில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில் வேறொரு கோணத்தில் இதனை அணுகினார். ஒரு பொருளுக்கு ஒருமுறை பெயரிடப்படுகின்றது. அப்பெயரை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று வழங்குகின்றனர். அத்தொடர்ச்சியே பெயரைப் பொருளோடு பிணைக்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம்.

இம்மூன்று கருத்துகளும் இணைய முகவரிக்கு ஓரளவே பொருந்துவன. இயற்கையான பெயருக்கு உடைமையாளர் எவருமில்லை. 'இமயம்' என்ற சொல்லை நாளை முதல் வேறொரு மலைக்கு வழங்குமாறு எவரும் ஆணையிட்டுச் சாதிக்க இயலாது. அதனை வழங்கும் மக்கள் அனைவரும் அதன் காவலர். இணைய முகவரியின் நிலை அவ்வாறானதன்று. ஆள்களப் பெயர் குறித்த காலத்திற்குக் கட்டணம் செலுத்திப் பெறப்படுவது. தவணை தப்பினால் பிறர் கைக்குப் போகக்கூடியது. பாதையோ வழங்கியை நிருவகிப்பவரின் விருப்பப்படி அமைவது. ஆயிரம் ஆய்வாளர் தம் அடிக்குறிப்புகளில் ஒரு முகவரியை எழுதி வைத்திருப்பினும், அது எதனைச் சுட்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்களல்லர். பெயரை வழங்குவோர் பலர். அதன் பொருளை நிருணயிப்பவர் ஒருவர். மொழி வரலாறு முன்னர் கண்டிராத நிலை இதுவெனின் மிகையாகாது.

இந்நிலையை விளங்கிக் கொள்வதற்குத் தமிழ் இலக்கணம் தரும் ஒரு பாகுபாடு பெரிதும் பயன்படும். நன்னூலார் பெயர்களை இடுகுறிப் பெயர் எனவும் காரணப் பெயர் எனவும் பிரிப்பர். காரணம் எதுவுமின்றி முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. ஒரு காரணம் பற்றி வந்தது காரணப் பெயர். இணைய முகவரிகளுட் பெரும்பாலானவை காரணப் பெயர்களாகவே அமைக்கப்படுகின்றன. ஆவணத்தை எழுதியவர் பெயர், அவர் பணியாற்றும் பிரிவு, ஆவணம் வரைவு நிலையிலுள்ளதா முடிவு நிலையிலுள்ளதா என்பது, அதனை இயற்றிய மென்பொருளின் குறி ஆகிய யாவும் முகவரியில் இடம்பெறுகின்றன. படிப்போருக்கு அது விளக்கமாகத் தோன்றும். ஆனால் காரணம் நீங்கும்போது காரணப் பெயர் பொய்யாகிவிடும். எழுதியவர் ஓய்வு பெறுவார், இரு பிரிவுகள் ஒன்றாக்கப்படும், வரைவு முடிவாகும், மென்பொருள் கைவிடப்படும். அப்போது பொறுப்பிலிருப்பவர் முகவரியைத் 'திருத்துவார்'. அத்திருத்தம் நிகழ்ந்த கணமே, பழைய முகவரியை நம்பியிருந்த ஒவ்வொரு மேற்கோளும் வெற்றிடத்தைச் சுட்டும்.

முகவரிகள் மாறலாகாது என்பதை வலியுறுத்தி 1998 ஆம் ஆண்டில் பேர்னர்ஸ்-லீ எழுதிய சிறு கட்டுரை ஏறக்குறைய இம்முடிவையே தருகின்றது. மாறக்கூடிய செய்தி எதனையும் முகவரியில் வையாதீர் என்பதே அவர் கூறும் அறிவுரை. ஆவணம் உருவான தேதி மாத்திரம் பின்னர் மாறாதாகையால் அதனை வைக்கலாம் என்பார். வேறு சொற்களிற் கூறின், நிலைக்க வேண்டிய பெயர் இடுகுறியை அணுகியிருத்தல் வேண்டும். காரணத்தின் நிலையாமைக்கு அரசுகளும் விலக்கல்ல. யூகோஸ்லாவியாவுக்கு வழங்கப்பட்டிருந்த '.வை.யு.' என்ற ஈறு, அந்நாடு இல்லாதொழிந்த பின்னர், 2010 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் தேதியுடன் நீக்கப்பட்டது. அவ்வீற்றின் கீழ் எழுதப்பட்ட முகவரிகள் அனைத்தும் அத்துடன் செயலற்றன.

இழப்பின் அளவைச் சில ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. 2024 ஆம் ஆண்டில் பியூ ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013 ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களுள் 38 சதவீதமானவை பத்தாண்டுகளின் பின் அடைய முடியாதனவாகிவிட்டன. 2014 ஆம் ஆண்டில் ஜொனதன் சிற்றெய்ன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. ஹாவார்ட் சட்ட ஆய்விதழிலும் அதனையொத்த இதழ்களிலும் காட்டப்பட்ட முகவரிகளுள் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவையும், ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிற் காட்டப்பட்டவற்றுள் 50 சதவீதமானவையும், மேற்கோள் காட்டியவர் கருதிய செய்திக்கு இட்டுச் செல்லவில்லை. தீர்ப்பு என்பது சான்றின் மேல் நிற்பது. சான்று மறைந்த பின் தீர்ப்பு மாத்திரம் நிற்குமாயின், அதனை ஏற்பதற்கு அதிகாரத்தைத் தவிர வேறு அடிப்படை இல்லாமற் போகும்.

இவ்விழப்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. 'காணப்படவில்லை' என்ற செய்தியோடு வரும் 404 என்னும் எண், ஆவணம் இல்லை என்பதைத் தெரிவிக்கின்றது. ஏன் இல்லை, மீண்டும் வருமா என்பதைத் தெரிவிப்பதில்லை. 410 என்னும் எண், அது நிரந்தரமாக அகற்றப்பட்டது என ஒப்புக்கொள்கின்றது. 301 என்னும் எண் புதிய இடத்துக்கு வழிகாட்டுகின்றது. நெறிமுறையை வகுத்தோர் மௌனத்துக்கும் ஒப்புதலுக்கும் வழிகாட்டலுக்கும் தனித்தனி இலக்கம் வைத்திருக்க, நடைமுறையிற் பெரும்பாலும் எதிர்ப்படுவது மௌனமே. மௌனத்தினும் தீயது ஒன்றுண்டு. முகவரி செயற்படும், ஆனால் அது தருவது முன்னைய ஆவணமன்று. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றில், நீதியரசர் அலிற்றோ தமது தனிக் கருத்தில் ஓர் இணைய முகவரியைச் சான்றாகக் காட்டியிருந்தார். பின்னர் அவ்வாள்களப் பெயரை வேறொருவர் பெற்று, இணையத்திலுள்ளவற்றின் நிலையாமை குறித்து எள்ளலாக எழுதிய ஒரு பக்கத்தை அவ்விடத்தில் வைத்தார். அவர் எள்ளி நகையாடுவதுடன் நின்றமை வாசகரின் நற்பேறு. பொய்ச்சான்று ஒன்றை அங்கு வைத்திருந்தால், தீர்ப்பைப் படிப்போர் அதனையே நீதியரசர் கண்ட சான்றென நம்பியிருத்தலும் கூடும்.

இத்தகைய குறைபாடு தொடக்கத்திலேயே தவிர்த்திருக்கக் கூடியதன்றோ எனச் சிலர் வினவலாம். 1960 ஆம் ஆண்டு முதல் ரெட் நெல்சன் என்பார் 'சனடு' என்ற பெயரில் கனவு கண்ட அமைப்பில், இணைப்புகள் இருதிசைப்பட்டவை, எந்த ஆவணத்தை யார் சுட்டுகின்றார் என்பது இருபுறமும் தெரியும், இணைப்புகள் அறுவதில்லை. பேர்னர்ஸ்-லீயின் அமைப்பில் இணைப்பு ஒருதிசைப்பட்டது. சுட்டுவோர் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. சுட்டப்படுவோர் அதனை அறிய வேண்டியதுமில்லை. இதனாலேயே இணையம் உலகெங்கும் பரவியது. இதனாலேயே அதன் இணைப்புகள் அறுகின்றன. அனுமதியின்றிச் சுட்டும் சுதந்திரத்துக்கு விலையாகவே அறுந்துபோகும் இயல்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனவே இதனைத் தொழில்நுட்பத் தவறு எனக் கொள்வது பொருந்தாது. கட்டுப்பாட்டினாற் காக்கப்படாத ஒன்று நம்பிக்கையினாற் காக்கப்படுமென விடப்பட்டது. அந்நம்பிக்கை எந்த அளவுக்குப் பேணப்பட்டது என்பதே பிரச்சினை.

தொழில்நுட்ப வழியான மாற்றுகளும் இல்லாமலில்லை. ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழங்கப்படும் டீ.ஓ.ஐ. எண் அவற்றுள் ஒன்று. அவ்வெண் இடத்தைச் சாராது. கட்டுரையின் தற்போதைய இருப்பிடம் ஒரு பதிவேட்டில் தனியாகக் குறிக்கப்படும். கட்டுரை இடம் மாறினால் பதிவேடு திருத்தப்படும், எண் மாறாது. இதற்கென வெளியீட்டாளர்கள் 2000 ஆம் ஆண்டில் குறொஸ்றெஃப் என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். ஆயின் பதிவேட்டைத் திருத்துவோர் கடமை தவறினால் அவ்வெண்ணும் வெற்றெண்ணே. மற்றொரு வழி, ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்தே கணித முறையால் அதன் பெயரைப் பெறுவது. 2005 ஆம் ஆண்டில் உருவான 'கிற்' என்ற மென்பொருள் நிரல்களை இவ்வாறே இனங்காண்கின்றது. ஓர் எழுத்து மாறினும் பெயர் மாறிவிடுமாதலால், கையிற் கிடைத்த ஆவணம் உரிய ஆவணந்தானா என்பதை எவரும் சோதிக்கலாம். அடையாளம் பற்றிய சிக்கல் இங்குப் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. ஆனால் அவ்வாவணத்தை வைத்துப் பேணுபவர் எவருமில்லையெனின், பிழையற்ற அப்பெயர் இல்லாத ஒன்றின் பெயராகவே எஞ்சும். எவ்வழியை நாடினும் முடிவில் எதிர்ப்படுவது பேணுவோர் யார் என்ற வினாவே.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. நிலைபேறு என்பது முகவரியின் பண்பன்று. முகவரியை வழங்கியவரின் பண்பு. ஓர் ஆவணத்தைப் பொதுவில் வைத்து, இதனை இம்முகவரியிற் காணலாம் என அறிவிப்பவர், அறிந்தோ அறியாமலோ ஒரு வாக்குறுதியை அளிக்கின்றார். அவ்வாக்குறுதியின் விசித்திரம் என்னவெனில், அதனைப் பெற்றுக்கொள்வோர் யாவர் என்பது அளித்தவருக்குத் தெரியாது. முன்பின் அறியாதோரும் இன்னும் பிறவாதோரும் அதனை நம்பலாம். முறைப்பாடு செய்ய வல்லவருக்கு மாத்திரம் வாக்கைக் காப்பது வணிகம். முறையிட இயலாதவருக்கும் அதனைக் காப்பதே அறம்.

இக்கடமை எல்லையற்றதா என்ற மறுப்பு இங்கு எழுதல் இயல்பு. மறக்கப்பட வேண்டியவையும் உலகில் உள்ளன. ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் பழைய கடன் தொடர்பான ஏல அறிவித்தல்கள் 1998 ஆம் ஆண்டில் செய்தித்தாளொன்றில் வெளிவந்தன. அவை பின்னர் இணையத்திலும் நிலைத்து, அவர் பெயரைத் தேடும் ஒவ்வொருவருக்கும் காட்சியளித்தன. 2014 ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், பெயரைக் கொண்டு தேடும்போது அத்தகைய பக்கங்களைக் காட்டாதிருக்குமாறு தேடற்பொறி நிறுவனத்தை வேண்டுதற்கு ஒருவருக்கு உரிமையுண்டு எனத் தீர்த்தது. அத்தீர்ப்பின் நுட்பம் அவதானிக்கத்தக்கது. ஆவணத்தை அதன் முகவரியிலிருந்து நீக்குமாறு அது கூறவில்லை. மனிதனின் பெயரிலிருந்து ஆவணத்துக்குச் செல்லும் வழியையே அடைத்தது. பதிவு நிலைத்திருத்தலையும், ஒரு மனிதன் தன் கடந்த காலத்தால் ஓயாது துரத்தப்படுதலையும் வேறுபடுத்திக் காண முடியும் என்பதற்கு இது சான்று. அகற்றியே ஆகவேண்டிய ஆவணமாயின் அகற்றப்பட்டது எனக் கூறும் நேர்மையாவது எஞ்சுதல் வேண்டும். வாக்கினைக் கைவிட நேர்வது வேறு. வாக்கே அளிக்காததுபோல் இருந்துவிடுவது வேறு.

பொருள் அழிந்த பின்னும் சுட்டு எஞ்சுதல் என்பது ஈழத்துத் தமிழறிவுலகிற்குப் புதிய அனுபவமன்று. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன என்பர். வேறெங்கும் பிரதி கிடையாதவையும் அவற்றுள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியோரின் அடிக்குறிப்புகளில் பெயர்கள் எஞ்சின. அப்பெயர்கள் சுட்டிய ஏடுகள் எஞ்சவில்லை. அங்கு நிகழ்ந்தது வன்செயல். இணையத்தில் நிகழ்வது பெரும்பாலும் அசட்டை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அடிக்குறிப்பைப் பின்பற்றிச் செல்லும் மாணவன் இறுதியில் வந்தடைவது இரண்டிலும் ஒரே வெறுமையைத்தான். 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கி வருகின்றது. எழுதியவர் பெயரையோ பொருளையோ சாராத அவ்வெண் இடுகுறிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆயினும் அவ்வெண்ணுக்கு உயிர் தருவது அதன் அமைப்பன்று. அதனைப் பேணுவோரின் உழைப்பும் அவ்வுழைப்பைத் தாங்கும் சமூகத்தின் ஆதரவுமே.

இக்கடமை வழங்குவோரோடு நின்றுவிடுவதன்று. மேற்கோள் காட்டுவோருக்கும் அதில் பங்குண்டு. 1996 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இன்ரநெற் ஆக்கைவ் போன்ற காப்பகத்தில் பிரதியொன்றைப் பதிவு செய்த பின்னர் முகவரியை எழுதுதல், பார்த்த தேதியைக் குறித்தல், கருத்தின் சாரத்தைத் தம் கட்டுரையிலேயே தருதல் என்பன சிறு செயல்கள். பல்கலைக்கழகமொன்று தன் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு வழிகாட்டச் செய்தலும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. அவை செய்யப்படாமைக்குக் காரணம் பெரும்பாலும் வல்லமையின்மையன்று. பழைய முகவரியை எவரோ எங்கோ நம்பியிருக்கக்கூடும் என்ற நினைவின்மையே.

ஆகவே இணைய முகவரி பெயரா இடமா என்ற வினாவுக்குத் தொழில்நுட்பம் மாத்திரம் விடை தர இயலாது. பேணுவோர் உள்ளவரை அது பெயர். பேணுவோர் கைவிட்ட பின் அது வெறும் இடம். வேறெவரும் வந்து குடியேறத்தக்க வெற்றிடம். ஒரே எழுத்துத் தொடரை இவ்விரண்டுள் எதுவாக ஆக்குவது என்பது அதனை வழங்கியவர், முகமறியாத வாசகருக்குத் தாம் கடமைப்பட்டவர் என எண்ணுகின்றாரா என்பதிலேயே தங்கியுள்ளது.